தொட்டியின் மேல் வாஷ்பேசின்: மிச்சமாவது எந்தத் தண்ணீர்?

கேள்வி: 11 பிப்ரவரி 2024

ராமேசுவரத்தில் யாத்ரீகர்கள் தங்குவதற்காக ஆறு அறைகள் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் அறையிலும் கழிப்பறைக்கு 4 அடிக்கு 5 அடிதான் ஒதுக்க முடிகிறது. கமோடின் ஃப்ளஷ் தொட்டி மூடியே வாஷ்பேசினாக அமைந்த ஜப்பான் வகையைப் பொருத்தினால் பேசினுக்கான இடமும் மிச்சம், பாத்ரூம் தண்ணீரில் பாதியும் மிச்சம் என்கிறார்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் நம் கரையில் இதை ஏன் யாருமே செய்வதில்லை?

பதில்: 11 பிப்ரவரி, இரவு

இடம் மிச்சம் என்பது சரி. பாதித் தண்ணீர் மிச்சம் என்பது தவறு. அந்தத் தொட்டி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். ஃப்ளஷ் அழுத்திய பிறகு காலியான தொட்டியை நிரப்ப வரும் தண்ணீர், நேரே உள்ளே இறங்காமல், மூடியின் மேலுள்ள வளைந்த குழாய் வழியாக வெளியே வந்து, நம் கையை நனைத்துவிட்டு, மூடியின் நடுத்துளை வழியாகத் தொட்டிக்குள் விழுகிறது. எப்படியும் தொட்டிக்குள் போகவேண்டிய தண்ணீரில்தான் நாம் கை கழுவுகிறோம். ஆகவே, கை கழுவத் தனியாகச் செலவாகியிருக்கும் தண்ணீர் மட்டுமே மிச்சமாகிறது. ஃப்ளஷ் செலவில் ஒரு சொட்டும் குறைவதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேர். மாடிப்படிக்கு அடியிலுள்ள கழிப்பறையில் நாளொன்றுக்குச் சுமார் 22 முறை ஃப்ளஷ் அழுத்துகிறோம். ஒரு முறை கை கழுவ முக்கால் லிட்டர் என்று வைத்தால் மிச்சம் பதினாறரை லிட்டர், அதாவது ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குச் சற்று மேல். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 10 லிட்டர் பழைய தொட்டியைக் கழற்றிவிட்டு 6 லிட்டரும் 3 லிட்டருமாக இரட்டைப் பொத்தான் வைத்த தொட்டியைப் பொருத்தியபோது, நான்கு சிறிய ஃப்ளஷுக்கு ஒரு பெரிய ஃப்ளஷ் என்ற எங்கள் வழக்கப்படி, 220 லிட்டர் 79 லிட்டராகக் குறைந்தது. தொட்டி மாற்றத்தில் 141 லிட்டர். பேசின் சேர்க்கையில் பதினாறரை. எதை முதலில் செய்யவேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. அந்த இரட்டைப் பொத்தான் ஆஸ்திரேலியாவின் காரோமா நிறுவனம் 1980இல் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது 11 லிட்டரும் ஐந்தரை லிட்டருமாக இருந்தது. 

12 பிப்ரவரி

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பதினாறரை லிட்டர் எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவே இல்லை.

நம் கரையில் தண்ணீர் ஒன்றல்ல, இரண்டு. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துணி துவைக்க, கழிப்பறைக்கு அதுவே. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் முறை வைத்து வருவதும், தள்ளுவண்டியில் குடம் குடமாக வருவதும் நல்ல தண்ணீர்; குடிக்க, சமைக்க அது. மண்டபம் ஊருக்கு மேற்கே எங்கள் தெருவில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இப்போது 10 ரூபாய். சென்னையிலோ மதுரையிலோ பல வீடுகளில் ஒரே தொட்டியிலிருந்து எல்லாக் குழாய்க்கும் போகிறது என்பதால் அங்கே லிட்டரை எண்ணினால் போதும். இங்கே அப்படி எண்ணினால் கணக்கு தப்பாகிவிடும்.

தொட்டியின் மேல் பேசினை உப்புத் தண்ணீர் இணைப்பில் கொடுத்தால், காசு கொடுக்காத தண்ணீரில் பதினாறரை லிட்டரை மிச்சம் செய்கிறோம். மோட்டார் சில நிமிடங்கள் குறைவாக ஓடும், அவ்வளவுதான். கூடவே உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் இணைப்பில் கொடுத்தாலோ, 79 லிட்டர் நல்ல தண்ணீரைக் கமோடில் ஊற்றுகிறோம். அது ஐந்து குடத்துக்கு மேல். மேலே ஒரு தண்ணீரும் கீழே ஒரு தண்ணீருமாக வைக்க ஜப்பான்காரருக்குத் தேவை இல்லை, நமக்கு இருக்கிறது.

அறை கட்டுகிற நண்பர் தம் ஆறு கழிப்பறைகளுக்கு எந்த இணைப்பு என்பதை முதலில் சொல்லவேண்டும்.

18 பிப்ரவரி

நண்பர் உப்புத் தண்ணீர் இணைப்புத்தான் என்கிறார். சரி. இன்னொன்றையும் அளந்து பார்த்தேன்.

எங்கள் வீடு ஒற்றை மாடி. சிண்டெக்ஸ் தொட்டியின் அடி தரையிலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கிறது. மூடியின் மேல் வரக்கூடிய குழாயின் உயரம் மூன்றரை அடி. இடைவெளி எட்டரை அடி. அது தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. ஆங்கிள் காக்கில் (ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் தரும் சுவர்க் குழாயில்) ஒரு ஹோஸைச் செருகி, அதன் வாயை மூன்றரை அடியில் பிடித்து, ஆறு லிட்டர் வாளியை நிரப்பிப் பார்த்ததில் 3 நிமிடம் 40 வினாடி ஆனது. நகரக் குழாயின் அழுத்தத்துக்கென்று செய்த வால்வை இடையில் வைத்தால் இன்னும் மெதுவாகத்தான் வரும். கை கழுவ அது போதும் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால், அடுத்தவர் கதவைத் தட்டும்போது தொட்டி பாதிகூட நிரம்பியிருக்காது.

3 மார்ச்

இதுவரை பிறர் வீட்டுக்கு யோசனை சொன்னேன். இப்போது என் வீட்டில் கை வைக்கப் போகிறேன்.

உம்மாவுக்கு முழங்கால் மடங்காது. படிக்கு அடியிலுள்ள கழிப்பறை 3 அடிக்கு நாலே கால் அடி. அதில் பேசின் வைத்தால் கதவு திறக்காது. ஆகவே தொட்டியின் மேல் பேசின் என்ற யோசனை எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. உம்மாவிடம் சொன்னேன். "கக்கூசுக்குள்ளே நின்னுக்கிட்டு ஒளு எடுக்கச் சொல்றியா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள். ஒளு என்பது தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவுவது. கை கழுவ மட்டும்தான் என்று சமாளித்தேன். "அப்ப ஒளுவுக்கு இன்னொரு பேசின் வேணுமே, அதுக்கு எடம் எங்கே?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இறைவன் பெயரை (பிஸ்மி) சொல்லித் தொடங்கவேண்டிய ஒளுவைக் கழிப்பறைக்குள் செய்ய எங்களுக்கு மனம் ஒப்பாது. அதோடு, தொட்டியின் மேலுள்ள பேசினில் முகம் கழுவவேண்டுமென்றால், கமோடைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு முன்னால் சாயவேண்டும். படியின் சரிவு தொட்டிக்கு நேர் மேலே தாழ்ந்து வருகிறது. நான் சாய்ந்து பார்த்தேன்; நெற்றியில் கான்கிரீட் இடித்தது. அந்தக் காயத்தோடு யோசித்தபோதுதான் வேறு வழி தோன்றியது. பேசினைச் சுவருக்கு இந்தப் பக்கம், கூடத்தில் வைத்து, அதன் கழிவு நீரை மட்டும் சுவரைத் துளைத்துத் தொட்டிக்குள் விட்டால் என்ன? பேசினுக்கு நல்ல தண்ணீர். தொட்டிக்கு உப்புத் தண்ணீர். பேசினில் பயன்பட்ட நல்ல தண்ணீர் இரண்டாம் முறையாகத் தொட்டியில் பயன்படும். இடமும் மிச்சம், உம்மாவின் ஆட்சேபமும் தீர்ந்தது.

16 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது. உயரக் கணக்கை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

சாதாரணமாக இது நடக்காத காரியம். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலம். கிண்ணத்தின் அடி 25 அங்குலம். அதன் கீழே பாட்டில் ட்ராப் என்னும் வாடைத் தடுப்பை வைத்தால் குழாய் வெளியேறும் இடம் 19 அங்குலம். கமோடோடு ஒட்டிய தொட்டியின் மூடியோ 30 அங்குலத்தில் இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறாது. எங்கள் வீட்டில் கழிப்பறைத் தரை கூடத்துத் தரையைவிட ஓர் அடி தாழ்ந்திருப்பதால் தப்பித்தோம். 19 அங்குலத்தோடு 12 அங்குலத்தைக் கூட்டினால் 31. மூடிக்கு மேலே ஓர் அங்குலம் மிஞ்சியது. அந்த ஓர் அங்குலத்தை நம்பித்தான் சுவரைத் துளைத்தோம்.

பீங்கான் மூடியைத் துளைக்க முயன்றபோது அது இரண்டாகப் பிளந்தது. ப்ளம்பர் முகம் வாடிப்போய், "பாய், மூடி மட்டும் தனியாகக் கிடைக்காது" என்றார். சமையலறையில் கிடந்த தடித்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை அளவாக அறுத்து, பொத்தானுக்கு ஒரு துளையும் குழாய்க்கு ஒரு துளையும் போட்டு மூடியாக்கினோம். வெங்காயம் நறுக்கிய கீறல்கள் இன்னும் அதில் தெரிகின்றன. என் மனைவி இதைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

17 மார்ச்

ஒருவர் மார்க்கப்படி இது சரியா என்று கேட்டிருக்கிறார். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஷாபிஈ மத்ஹபில், ஒளுவின் கடமையான கழுவலுக்குப் பயன்பட்டு விழுந்த சிறிதளவு தண்ணீர் சுத்தமானதுதான். ஆனால் மறுபடி ஒளு எடுக்க உதவாது. கழிப்பறையில் ஊற்றத் தடை ஒன்றும் இல்லை. நபியவர்கள் ஒரு 'முத்து' (அரபு நாட்டு முகத்தலளவை) தண்ணீரில் ஒளு எடுத்தார்கள் என்பது ஹதீஸில் உள்ள செய்தி. இரு கைகளையும் சேர்த்து ஒரு முறை அள்ளும் அளவு அது என்பார்கள். முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குழாயைத் திறந்துவிட்டு நான் எடுக்கும் ஒளுவை வாளி வைத்து அளந்ததில் நாலரை லிட்டர் வந்தது. அன்று முதல் குழாயைப் பாதிதான் திறக்கிறேன்.

கால் கழுவும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. காலைத் தூக்கிப் பேசினில் வைக்க உம்மாவால் முடியாது. மற்றவர்களுக்கும் அது அழகல்ல. முற்றத்துக் குழாயில் கால் கழுவுகிறோம்; அது முருங்கைக்குப் போகிறது.

14 ஏப்ரல்

பெருநாள் முடிந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் ஆன பிறகு, தொட்டிக்குப் போகும் உப்புத் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். குறையவே இல்லை.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கடைசியில் பேசினில் கொஞ்சம் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் பொத்தானைத் தொடவில்லை. ஆனாலும் கமோடுக்குள் நீலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விஷயம் வெட்கப்படும்படி எளியது. ஃப்ளஷ் முடிந்த உடனே மிதவை இறங்கி, உப்புத் தண்ணீர் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிடுகிறது. அதன் பிறகு பேசினிலிருந்து வரும் தண்ணீருக்கு உள்ளே இடமே இல்லை; வழிகுழாய் வழியாக நேரே கமோடுக்குள் போய்விடுகிறது. ஒரு மாதமாக நாங்கள் ஒளுத் தண்ணீரைச் சுற்று வழியில் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஜப்பான் தொட்டியில் இந்தச் சிக்கல் வராது. ஏனென்றால், அங்கே நிரப்பும் தண்ணீரும் கை கழுவும் தண்ணீரும் ஒன்றே. நான் இரண்டையும் பிரித்தேன். பிரித்தவன் இதை யோசித்திருக்கவேண்டும். பிப்ரவரியில் அவர்கள் வடிவமைப்பைச் சற்று ஏளனமாக எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது மிதவையின் திருகைச் சுற்றிக் கீழே இறக்கிவிட்டேன். உப்புத் தண்ணீர் 3 லிட்டர் அளவோடு நின்றுவிடும். மீதி 3 லிட்டர் இடம் பேசினுக்காகக் காத்திருக்கும்.

15 ஏப்ரல்

நேற்றைய ஏற்பாட்டில் இன்னொரு பிழை. சிறிய பொத்தானை அழுத்தினால் ஒரு டம்ளர் தண்ணீர்தான் வருகிறது. இரட்டைப் பொத்தான் வால்வில், சிறிய ஃப்ளஷ் என்பது தொட்டியின் மேல் பாதியைத்தான் இறக்கும். மட்டம் ஓர் எல்லைக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். இப்போது பேசின் தண்ணீர் வராத வேளைகளில் மேல் பாதி காலியாகவே இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட வேளையில் பெரிய பொத்தானை அழுத்தினால்தான் 3 லிட்டர் கிடைக்கிறது. பொத்தான்களின் பொருள் நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். பெரியவன், "எப்ப எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். மூடி பிளாஸ்டிக், உள்ளே தெரியாது. கடைசியில், எப்போதும் பெரிய பொத்தான், தேவைப்பட்டால் ஒரு வாளி என்று விதி வைத்தோம்.

வாளி என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. சரிவு அதிகமுள்ள, வாடையைத் தடுக்க அடியில் நிற்கும் நீர் (நீர்மூடி) குறைவான, குந்தி உட்காரும் கிராமத்துக் கழிப்பறைக் கோப்பையை ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றியே சுத்தம் செய்துவிடலாம். 1970இல் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறையின் பலம் அதுதான். குந்தி உட்கார முடிகிறவர் வீட்டில், வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு வாளியை வைத்து அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால், என் வெட்டுப்பலகை ஏற்பாட்டைவிட அதிகம் மிச்சமாகும். உம்மாவின் முழங்காலுக்காகத்தான் இத்தனை பாடு.

28 ஏப்ரல்

பாட்டில் ட்ராப்பைக் கழற்றிவிட்டோம். ப்ளம்பர்தான் சொன்னார்: சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கத்தான் ட்ராப், இந்தக் குழாயோ தொட்டிக்குள் போகிறது, தொட்டிக்கும் சாக்கடைக்கும் நடுவில் கமோடின் நீர்மூடியே இருக்கிறது, பிறகு எதற்கு இரண்டாவது தடுப்பு? சரிதான். முன்பே தெரிந்திருந்தால் அந்த ஓர் அங்குலப் பதற்றம் இருந்திருக்காது. இப்போது சரிவு தாராளமாகக் கிடைக்கிறது. முடியும் குப்பையும் போகாமலிருக்கப் பேசின் துளையில் ஒரு சல்லடையை மட்டும் வைத்திருக்கிறோம்.

9 ஜூன்

நாற்றம். ஒரு திருமணத்துக்காகக் கீழக்கரைக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாசம். தொட்டிக்குள் நின்ற சோப்புத் தண்ணீர் இந்த வெயிலில் கெட்டுப்போயிருந்தது. ஒரு நாளைக்கு மேல் இந்தத் தண்ணீரைத் தேக்கக் கூடாது. வெளியூர் போகுமுன் இரண்டு முறை பெரிய ஃப்ளஷ் அழுத்தி, வெறும் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகவேண்டும்.

பலகையைத் தூக்கிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. தொட்டியின் சுவரிலும் வால்வின் ரப்பர் வளையத்திலும் திரிந்த பாலைப்போல் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் சுருண்டு வந்தது. மேலிருந்து வரும் சோப்புத் தண்ணீரும் கீழே நிற்கும் போர்த் தண்ணீரும் சந்திக்கும்போது, போர்த் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. சோப்பு நுரைக்காததற்கு எது காரணமோ அதுதான் இங்கே படலமாகவும் படிகிறது. அந்தப் படலம் ஒட்டியதால் வளையம் சரியாக அமராமல், கமோடுக்குள் நூல்போலத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான்கு நாளும் மிதவை இறங்கி இறங்கி மோட்டார்த் தண்ணீர் வீணாகியிருக்கும். மிச்சம் பிடிக்க வைத்த ஏற்பாடே ஒழுகியது.

10 ஜூன்

கட்டிச் சோப்பை எடுத்துவிட்டுத் திரவக் கைகழுவியை வைத்திருக்கிறேன். அதிலுள்ளது பெரும்பாலும் வேறு வகை நுரைப்பொருள் என்பதால் உப்புத் தண்ணீரில் இப்படித் திரிவதில்லை. பழைய படலத்தை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரைக் கொண்டு தேய்த்து எடுத்தேன்.

ஏன் கடல் தண்ணீரையே நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டவருக்கு: ஹாங்காங்கில் அதைத்தான் செய்கிறார்கள். 1950களின் இறுதியில் தொடங்கி, இப்போது மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்நீரில்தான் ஃப்ளஷ் செய்கிறார்கள். ஆனால், அங்கே அதற்கென்று ஊர் முழுக்கத் தனிக் குழாய், தனி நீரேற்று நிலையம், அரிப்பைத் தாங்கும் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. நம் வீட்டு செப்டிக் டேங்கின் கான்கிரீட்டுக் கம்பி கடல்நீரில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை, மண்டபத்தில் கடலோரத் தூண்கள் வெடித்து நிற்பதைப் பார்த்தவர்கள் சொல்லட்டும். போரின் உப்பே எனக்குப் போதும்.

4 ஆகஸ்ட்

ஒரு வாரமாகக் கூடத்தில் கரப்பான் பூச்சி. இதற்கும் பேசினே காரணம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

முன்பு கூடத்துப் பேசின் வேறு மூலையில் இருந்தது. அதன் கழிவு நீர் தரையிலுள்ள நானி ட்ராப் வழியாக வெளியே போகும். பேசினை இடம் மாற்றிய பிறகு அந்த ட்ராப்புக்குத் தண்ணீரே போகவில்லை. அதன் கிண்ணத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு நின்ற தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் இடையே தடுப்பு. ஆடி மாதக் காற்றில் அது வற்றிவிட்டது. வற்றிய வழியாகப் பூச்சியும் வாடையும் வந்தன. ஒரு குழாயின் தண்ணீரைத் திருப்பினால், அந்தத் தண்ணீர் இதுவரை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையையும் சேர்த்தே நிறுத்துகிறோம். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

18 ஆகஸ்ட்

ராமேசுவரம் நண்பர் ஆறில் இரண்டு அறைகளில் மட்டும் தொட்டியும் பேசினும் சேர்ந்த வகையைப் பொருத்திவிட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். பார்க்க மிக நன்றாக இருக்கிறது. 4 அடிக்கு 5 அடி அறை அரண்மனைபோல் தெரிகிறது. ஆனால், அந்த இரண்டு அறைகளில்தான் தண்ணீர் அதிகம் போகிறது என்று அவரே வருத்தத்தோடு சொன்னார்.

காரணத்தை அவருடைய பணியாளரிடம் கேட்டபோது விளங்கியது. அந்தக் குழாய் ஃப்ளஷ் அழுத்தினால்தான் ஓடும். காலையில் பல் துலக்குகிறவர் வாய் கொப்பளிக்க ஒரு முறை, முகம் கழுவ ஒரு முறை, பிரஷ்ஷைக் கழுவ ஒரு முறை என்று ஃப்ளஷ் அழுத்துகிறார். சவரம் செய்கிறவர் எத்தனை முறை அழுத்துவார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீருக்கு 3 லிட்டர். கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவுவதற்காக மட்டுமே அந்த வடிவம் உருவானது. ஜப்பானிய வீடுகளில் முகம் கழுவும் இடம் வேறாக இருக்கிறது, கழிப்பறை பெரும்பாலும் ஒரு தனிச் சிற்றறை. விடுதியில் ஒரே பேசின் எல்லா வேலைக்கும் என்றால் அது பொருந்தாது.

மணலும் ஒரு தொல்லை. அக்னி தீர்த்தத்தில் மூழ்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து வருகிறவர்கள், கை மணலை எங்கே கழுவுவார்கள்? அந்தப் பேசினில்தான். மணல் தொட்டிக்குள் இறங்கி வால்வு வளையத்தில் உட்காருகிறது; பிறகு இரவு முழுக்கக் கசிவு. அவருடைய மூடியில் சல்லடையே இல்லை. கடைக்காரர் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். கடைக்காரர் வீட்டில் மணல் இல்லை போலும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று அங்கே கண்ணில் பட்டது. நல்ல தண்ணீர்க் குழாயையும் உப்புத் தண்ணீர்க் குழாயையும் ஒரு வால்வு வைத்து இணைத்திருக்கிறார்கள், 'அவசரத்துக்கு' என்று. அந்த வால்வு ஒருநாள் முழுக்க மூடாமல் இருந்தால் உப்புத் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்குள் போய்விடும். எங்கள் உறவினர் வீட்டில் அப்படியே நடந்தது. 500 லிட்டர் நல்ல தண்ணீரைக் கொட்டினார்கள். இரண்டு தண்ணீரும் ஒருபோதும் ஒரே குழாயில் சந்திக்கக் கூடாது. என் தொட்டியிலும் பேசின் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே காற்றில்தான் நிற்கிறது.

22 நவம்பர்

20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கமும் தெரு முழுக்கத் தண்ணீர். ஆண்டு முழுவதும் சொட்டை எண்ணிய வீட்டில், செப்டிக் டேங்க் நிரம்பி, ஃப்ளஷ் அழுத்தினால் கமோடில் தண்ணீர் மேலேறி வந்தது. கரை மணலில் நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்துக்கு ஏறிவிட்டால் உறிஞ்சு குழி எதையும் உறிஞ்சாது. இரண்டு நாள் மாடித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மேட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்தோம். உம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம்.

அந்த வீட்டில் பேசின் கழிவு நீர் தனிக் குழாயில் தோட்டத்துக்குப் போகிறது. செப்டிக் டேங்குக்குள் அது போவதே இல்லை. மழை நாளில் டேங்குக்குள் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். என் ஏற்பாட்டில் பேசின் தண்ணீர் டேங்குக்குள்தான் போகிறது. ஆனால், அந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் குறைவதால் மொத்தம் கூடவில்லை.

5 ஜனவரி 2025

மொத்தம் கூடவில்லை என்று எழுதியதைச் சரிபார்த்தேன். பேசின் குழாயைத் திருப்பி ஒரு நாள் முழுக்க வாளியில் பிடித்து அளந்ததில் 34 லிட்டர் வந்தது. பிப்ரவரியில் பதினாறரை என்று எழுதியது கழிப்பறைக்குப் பிந்திய கைகழுவலை மட்டும் எண்ணியதால். ஒளுவும் சாப்பாட்டுக் கையும் சேர்ந்து இரண்டு மடங்காகிவிட்டது. அதில் எல்லாமே தொட்டிக்குப் பயன்படவில்லை. லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அடுத்தடுத்து ஐந்து பேர் கழுவும்போது தொட்டி நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிவது போகச் சுமார் 25 லிட்டர் உப்புத் தண்ணீர் மிச்சமாகிறது என்பது என் மதிப்பீடு. வழியும் மீதி 9 லிட்டர் டேங்குக்குக் கூடுதல்தான்; மொத்தம் கூடவில்லை என்றது முழுக்கச் சரியல்ல.

உப்புத் தண்ணீர்தானே, இதற்கு இத்தனை பாடா என்று முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாம், நியாயமான கேள்விதான். எங்கள் போர் கோடையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் தண்ணீர் இன்னும் கரிக்கத் தொடங்குகிறது. நல்ல நீர் மேலேயும் கடல் நீர் கீழேயுமாக நிற்கும் மணலில், அதிகம் இழுத்தால் கீழேயுள்ளது மேலே ஏறிவருகிறது. ஆகவே அந்த 25 லிட்டருக்கு ரூபாயில் விலை இல்லை என்றாலும் மோட்டார் ஓடும் நிமிடத்தில் விலை இருக்கிறது. இதை நான் பிப்ரவரியில் எண்ணவில்லை.

நல்ல தண்ணீரில் மிச்சம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முன்பு உம்மா முற்றத்து உப்புத் தண்ணீரில் கை கழுவியவர்கள். பேசின் பக்கத்திலேயே வந்ததால் இப்போது நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். மாதத்துக்கு எட்டுக் குடம் கூடுதலாக வாங்குகிறோம். தோல் வெடிப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள். அதை மிச்சத்தில் சேர்ப்பதா செலவில் சேர்ப்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

11 ஜனவரி

ராமேசுவரம் நண்பர் மீதி நான்கு அறைகளுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். 12 அங்குல மூலைப் பேசின், அதன் குழாய் வாயில் தண்ணீரோடு காற்றைக் கலக்கும் நுரைமுனை (ஏரேட்டர்), உப்புத் தண்ணீருக்கு இரட்டைப் பொத்தான் தொட்டி, அவ்வளவு போதும். கண்ணாடியையும் அதற்கு நேர் மேலே மாட்டலாம். தொட்டிமேல் பேசினில் கண்ணாடி பார்க்கக் கமோடின் மேல் ஏறி நிற்கவேண்டும். பொருத்திய இரண்டு அறைகளையும் உடைக்கவேண்டாம். கதவுக்கு வெளியே ஒரு சிறிய குழாயும், மூடித் துளையில் ஒரு சல்லடையும் வைத்தால் பல் துலக்குகிறவர்கள் வெளியே போய்விடுவார்கள். அந்த அவசர வால்வை மட்டும் இன்றைக்கே அறுத்து, இரண்டு முனையிலும் மூடி ஒட்டிவிடுங்கள்.